பெயர்ந்து போனவர் கடன்

வீட்டு வாடகைக்குத் தமிழில் குடிக்கூலி என்றொரு பழம்பெயர் உண்டு. தமிழகத்துப் பேச்சு வழக்கில் அது குடக்கூலி எனத் திரிந்தது. நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் அச்சொல் வேரூன்றவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. இங்கு வந்து சேர்ந்த நம் முன்னோர்க்குக் கூலி என்பது கைநீட்டிப் பெறுவதாக இருந்ததேயன்றிக் கொடுப்பதாக இருக்கவில்லை. லயத்து வீட்டுக்கு வாடகை கேட்டாரும் இலர், கொடுத்தாரும் இலர். வாடகை என்பதையும் வாடகைப் பாக்கி என்பதையும் நம்மவருட் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பின்னரே அறிந்தனர்.

ஆயினும் இடம்விட்டுப் போனவனிடம் நின்ற கடனை எவ்வாறு வசூலிப்பது என்னும் வினா நம்மவர்க்குப் புதிதன்று. கப்பலேறுமுன்பே அது நம்மைத் தொடர்ந்தது. இருப்பவனிடம் கேட்கலாம், இல்லாதவனிடம் எதைப் பிடிப்பது? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டது. பேரா மாநிலத்துத் தமிழர் வாழ்வை முதன்மையாகக் கொண்டு அவ்விடைகளை ஒருவாறு தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்கள் கல்வெட்டிலிருந்தே தொடங்க விரும்புவர். யானும் அவ்வாறே தொடங்குகிறேன். வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த உக்கல் என்னும் ஊரில் முதலாம் இராசராச சோழனின் 24 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மன்னனின் 16 ஆம் ஆண்டு முதல் 23 ஆம் ஆண்டு வரையில் நிலவரியை முழுதாக ஈராண்டு செலுத்தாதவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக் கொள்ளலாம் என்பது அதிற் கண்ட ஆணை. இது வரிப் பாக்கியைப் பற்றியதே, வாடகையைப் பற்றியதன்று. எனினும் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கடன்பட்டவன் ஓடினும் நிலம் ஓடாது. ஆகவே ஆணை, ஆளைத் துரத்தாமல் நிலத்தின்மேற் சென்றது.

நிலமே இல்லாதவன் கடன்பட்டால் என்செய்வது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கும்பினியார் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் 1802 ஆம் ஆண்டின் 28 ஆம் ஒழுங்குவிதி, குத்தகைப் பாக்கிக்காகக் குடியானவனின் விளைச்சலையும் பொருளையும் ஜப்தி செய்யும் உரிமையைச் சமீன்தார்களுக்கு வழங்கிற்று. பின்னர் 1865 ஆம் ஆண்டில் குத்தகை வசூல் சட்டமும், 1908 ஆம் ஆண்டில் எஸ்டேட்டு நிலச் சட்டமும் வந்தன. இவையெல்லாம் நிலத்தில் ஓரளவேனும் பிடிப்புள்ள குடியானவனுக்கு உரியவை. தஞ்சைத் தரணியின் பண்ணையாளுக்கோ ஜப்தி செய்ய என்ன இருந்தது? கலியாணத்துக்கும் இழவுக்கும் மிராசுதாரரிடம் வாங்கிய முன்பணத்துக்கு அவனே ஈடாக நின்றான். அவன் குடியிருந்த குடிசையும் மிராசுதாரரின் மண்ணில் இருந்தது. கடன் தீருமுன் அவன் பெயர்ந்து போவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. நாகப்பட்டினத்துத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களில் இத்தகையோர் பலர் இருந்தனர். தங்கள் ஆட்கள் கடல் கடந்து ஓடுகின்றனர் என்று மிராசுதாரர்கள் முறையிட்டதற்கும் அதுவே காரணம். அம்முறையீட்டை நாட்டுப்பற்று என்று எண்ணி மயங்குதல் வேண்டா; போனவனோடு கடனும் போயிற்றே என்னும் ஆற்றாமைதான் அது.

கடல் கடந்தவன் ஒரு கடனைக் கரையில் விட்டு மற்றொரு கடனோடு கரையேறினான். பேராவின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில், இரப்பருக்கு முன்னரே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கூலா தோட்டம் அவற்றுள் பெயர் பெற்றது. அங்கு உழைத்த தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகள். கப்பற் கட்டணமும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் பற்றெழுதப்பட்டு, கூலியிற் சிறிது சிறிதாகப் பிடிக்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்றவன், கடனைக் கொடாதவன் என்று உரிமையியல் மன்றத்துக்கு அழைக்கப்படவில்லை. ஓடிப்போனவன் என்று குற்றவியல் மன்றத்தில் நிறுத்தப்பட்டான். அவனுக்குச் சிறையும் உண்டு. முதலாளியே வீட்டுக்காரராகவும் கடன் கொடுத்தவராகவும் இருந்த இடத்தில், இன்றுள்ள எந்த வீட்டுக்காரருக்கும் கிட்டாத அதிகாரம் அவருக்குக் கிட்டியிருந்தது. வெளியே போனவனைக் காவலரைக் கொண்டே அவர் திரும்பக் கொணரலாம்.

ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதற்கு முன்பே வளர்ந்து நின்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவும் ஊராருமாகத் திரட்டி வந்தான். முன்பணமும் அவன் கையாலேயே கொடுக்கப்பட்டது. அவன் திரட்டிய ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் அவனுக்குத் தலைக்காசு உண்டு. எனவே, ஆள் போனால் அவனுக்கு இருவகை இழப்பு. ஆளைப் போகவிடாமல் வைக்கக் கடன் ஒரு கயிறாயிற்று.

இக்கயிறு எத்துணை நீளும் என்பதை அறிய இலங்கை மலையகத்தை நோக்க வேண்டும். நம்மவரின் உடன்பிறந்தார் அங்கே தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்னும் முறையின் கீழ் வாழ்ந்தனர். துண்டு என்பது ஒரு சீட்டு. இத்தனை ரூபாய் செலுத்தினால் இந்தக் கங்காணியையும் இவனுடைய ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். வேறு தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்வார். ஆட்களின் கடன் தீர்ந்ததா? இல்லை. பழைய தோட்டத்துக் கணக்கிலிருந்து புதிய தோட்டத்துக் கணக்குக்கு ஏறியது. இடையே கங்காணி பெற்ற முன்பணமும் அதனோடு சேர்ந்தது. ஒவ்வொரு முறை பெயரும்போதும் கடன் பருத்தது. பெயர்ந்து போனவனின் கடனை வசூலிக்க மனிதர் கண்ட வழிகளுள் இதனினும் திறமையானது வேறில்லை. இதனினும் கொடியதும் அரிது. 1921 ஆம் ஆண்டின் சட்டம் இலங்கையில் துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவில் நிலைமை அந்த அளவுக்கு முற்றவில்லை. 1907 ஆம் ஆண்டில் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது. அதன்வழித் தமிழர் குடியேற்ற நிதி உருவாயிற்று. இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்குப் பணம் கட்டினர். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து செலவாயிற்று. எனவே, வந்திறங்கிய தொழிலாளி கப்பற் கடன் இல்லாதவனாக இறங்க வழி பிறந்தது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகலாம் என்பதும் நடைமுறையாயிற்று. முதலாளிகள் இதைக் கருணையால் செய்தனர் என்று கொள்ள வேண்டா. இரப்பர் விலை ஏறிய காலத்தில் ஒருவர் செலவு செய்து கொணர்ந்த ஆளை மற்றொருவர் ஆசை காட்டி இழுத்துக் கொண்டனர். போனவனிடம் கடனை வசூலிக்க இயலாது என்று கண்டபின், செலவை எல்லாருமாகப் பகிர்ந்து கொள்வதே இலாபம் எனக் கணக்கிட்டனர். கணக்கினால் விளைந்த நன்மையும் நன்மைதான். வேலையை விட்டு ஓடியதற்குச் சிறை என்னும் விதியும் 1920 களின் தொடக்கத்தில் நீங்கிற்று.

விடுதலைக்கு ஈராண்டு முன்னதாக வந்த 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இவ்வழியை மேலும் அடைத்தது. முந்திய மாதம் தொழிலாளி ஈட்டிய ஊதியத்துக்கு மேற்பட்ட தொகையை முன்பணமாகக் கொடுத்தல் கூடாது என்பது அதன் பொதுவிதி. வீடு வாங்குதல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஊதியத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கலாகாது என்பதற்கும் அச்சட்டத்தில் வரையறை உண்டு. பெருங்கடனைக் கொடுத்து ஆளைக் கட்டி வைக்கும் வழக்கத்தின் வேரில் வைத்த கோடரி அது.

யான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். சம்பள நாளன்று கிராணியின் மேசைக்குச் சில அடி தள்ளிக் கடைக்காரர் தம் பற்றுப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார். என் பாட்டனார் கிராணியிடம் வாங்கிய பணத்தை எண்ணி முடிக்கு முன்பே பாதி கடைக்காரர் கைக்குப் போய்விடும். ஆனால் வீட்டுக்கென்று யாரும் காசு கேட்டதில்லை. இதை ஒரு சலுகையாகவே எண்ணி வளர்ந்தோம். வாடகை இல்லாத வீட்டில் உரிமையும் இல்லை என்பது, பாட்டனார் ஓய்வு பெற்ற நாளில்தான் எங்களுக்கு விளங்கிற்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பாக்கி என்று ஒரு காசும் இல்லாமலேயே நாங்கள் பெயர்ந்து போனோம்.

அவ்வாறு பெயர்ந்தவர்களிற் பலர் ஈப்போவுக்கு வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950, 60 களிலும், பின்னர் அவை வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய காலத்திலும் இப்பெயர்ச்சி தொடர்ந்தது. துண்டாடலைத் தடுத்துத் தொழிலாளரையே உடைமையாளராக்கும் எண்ணத்தோடு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது தனிக்கட்டுரைக்குரிய பொருள்.

ஈப்போ ஈயத்தால் எழுந்த நகரம். 1892 இல் நிகழ்ந்த பெருந்தீ அதன் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் செங்கல்லும் ஓடுமாகக் கடைவீடுகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் டெட் ஷின் என்னும் சீனப் பெருவணிகர் கிந்தா ஆற்றின் மறுகரையில் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை எழுப்பிப் புதுநகரை உருவாக்கினார். நம்மவருள் செட்டியார்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினர். கடனுக்கு ஈடாக வந்த வீட்டுமனைகள் சில அவர்கள் பெயருக்கே மாறியதால் அவர்களும் வீட்டுக்காரராயினர். இவ்வாறு கீழே கடையும் மேலே குடியுமாக வாடகை வாழ்வு பெருகிய நகரத்தில், வாடகைப் பாக்கிக்கென ஒரு சட்டமும் வேண்டியதாயிற்று.

அச்சட்டம் ஆங்கிலேயரின் பழைய வழக்கிலிருந்து வந்தது. வழக்கறிஞர்கள் அதை டிஸ்ட்ரஸ் என்பர். நம் பாட்டனார்கள் அறிந்த சொல்லாற் கூறின், ஜப்தி. இன்று நடைமுறையில் உள்ளது 1951 ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கிறார். குடியிருப்பவருக்கு முன்கூட்டியே அறிவிக்காமலே நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம். நீதிமன்ற அலுவலர் வீட்டுக்கோ கடைக்கோ வந்து சாமான்களைக் கைப்பற்றுவார். பாக்கி தீராவிடில் அவை ஏலத்தில் விற்கப்படும். கேட்கக் கூடியது பன்னிரண்டு மாத வாடகைக்கு மேற்படாது. மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு பகுதி அச்சட்டத்தில் உண்டு. குடியிருப்பவருக்கும் அவர் குடும்பத்தார்க்கும் இன்றியமையாத உடுப்பையும் படுக்கையையும் தொடலாகாது; ஒருவன் கையில் வைத்துப் பயன்படுத்திக் கொண்டிருக்கும் பொருளைப் பறிக்கலாகாது. சிறைக் கம்பியில் தொடங்கிய கடன் வசூல், பாயையும் தலையணையையும் விட்டுவைக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்பதை ஈண்டுக் காண்கிறோம்.

இச்சட்டத்தின் ஆற்றல் குடியிருப்பவர் இருக்கும்வரைதான். ஜப்தி என்பது அந்த வீட்டுக்குள் இருக்கும் பொருளின்மேற் செல்வது. குடியிருந்தவர் இரவோடு இரவாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போய், வாடகையுறவும் முடிந்துவிட்டதென்றால் அந்த வழி வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அப்போது எஞ்சியிருப்பது, கடைக்காரரோ நண்பரோ கொடுத்த கடனைப் போன்ற ஒரு சாதாரணக் கடன்தான். அதற்கு வழக்குத் தொடுக்க வேண்டும். 1953 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, வாடகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஆறாண்டுக்குள் தொடுக்க வேண்டும். இடையில் பாக்கிதாரர் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் ஆறாண்டு மீண்டும் புதிதாக எண்ணப்படும்.

ஈப்போவின் பழைய கடைவீடுகளுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1948 சனவரி 31 க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகை ஏறாது, குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் இயலாது. மிகக் குறைந்த வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் உண்டு. பாக்கி நின்றாலும் தொகை சிறிது. ஆள் போகவும் மாட்டார். 1997 இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1999 முடியும்வரை இடைக்காலம் வழங்கப்பட்டது. அதன்பின் வாடகை ஏறிற்று, பெயர்ச்சியும் ஏறிற்று. முடிதிருத்தகம், பூமாலைக் கடை, மளிகை என்று நம்மவர் நடத்திய சிறு தொழில்கள் சில அந்த ஆண்டுகளில் இடம் மாறின, சில மறைந்தன.

இனி யான் நேரில் அறிந்த ஒன்றைக் கூறுகிறேன். 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புந்தோங் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் என் அலுவலறைக்கு வந்தார். நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். சேமநிதிப் பணத்தில் ஒரு சிறு வீடு வாங்கி, முன்பகுதியில் தாம் இருந்துகொண்டு பின்பகுதியை வாடகைக்கு விட்டிருந்தார். மாதம் 350 வெள்ளி. குடியிருந்த குடும்பம் நான்கு மாத பாக்கியோடு ஒரு நள்ளிரவில் பெயர்ந்து போய்விட்டது. முன்பணமாக வாங்கியிருந்த ஒரு மாத வாடகையைக் கழித்தால் நிற்பது 1,050 வெள்ளி. அக்குடும்பத்துப் பிள்ளை எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் படித்தவன்.

“ஐயா, பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல அவங்க புது விலாசம் இருக்கும். அதை மட்டும் எழுதிக் கொடுங்க” என்றார்.

கொடுக்க இயலாது என்றேன். மாணவன் பதிவேட்டில் உள்ளது பள்ளியின் காரியத்துக்கு உரியது, வசூலுக்கு உரியதன்று. அவர் முகம் வாடிற்று. அந்த 1,050 வெள்ளி அவருக்கு மருந்தும் அரிசியும். வீட்டுக்காரர் என்றவுடன் கொழுத்த செல்வரையே நம் கதைகள் காட்டுகின்றன. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்து ஓர் அறையை வாடகைக்கு விட்டு வாழும் இத்தகையோரை யார் எழுதினார்?

எழுந்து போகும்போது அவர் வேறொன்று சொன்னார். போனவர்கள் அவசரத்தில் ஒரு தகரப்பெட்டியை விட்டுச் சென்றனராம். அதற்குள் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் தேர்ச்சிப் பதிவேடும் தடுப்பூசி அட்டையும் இருந்தன. பணம் வந்தால்தான் பெட்டி என்று அவர் பூட்டி வைத்திருந்தார். யான் திடுக்கிட்டேன். பிள்ளை மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளியிலும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதன் காரணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அந்த அம்மையார் கெட்டவர் அல்லர். துண்டு என்னும் சொல்லையே அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் துண்டு முறையின் தத்துவம் அவர் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. பணம் கட்டு, பிறகு போ.

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினேன். பெட்டியைப் பிடித்து வைப்பதால் பணம் வராது, பிள்ளையின் படிப்புத்தான் போகும் என்றேன். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும், பூட்டை மாற்றி ஆளை வெளியே தள்ளுவதும்கூட ஆகாது. குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றத்தின் வழியேயன்றி வேறு வழியில்லை என்று 1950 ஆம் ஆண்டுத் தனித்தீர்வுச் சட்டம் கூறுவதையும் எடுத்துரைத்தேன். அடுத்த குடியேனும் அவரிடம் அமைதியாக இருக்கட்டும் என்பதற்காக. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று பெட்டியைக் கொணர்ந்து என் காலடியில் வைத்தார்.

பெட்டி பள்ளியில் இருக்கிறது என்று பையனின் தந்தைக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாளே வந்தார். வெட்கத்தால் தலை நிமிரவில்லை. வேலை போய்விட்டதென்றும், பத்து காஜாவில் ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும் கூறினார். வீட்டுக்கார அம்மாவிடம் கொடுங்கள் என்று தம் விலாசத்தைத் தாமே ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். பெட்டியோடு மாற்றுக் கடிதமும் அவர் பெற்றுச் சென்றார்.

இருந்தும், வாய்ச்சொல்லால் கடன் தீர்வதில்லை. சில மாதம் காத்திருந்த பின், அந்த அம்மையாரை ஈப்போ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றேன். 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்குச் சிறு கோரிக்கை நடைமுறை என ஒன்று உண்டு. வழக்கறிஞர் வேண்டா, ஒரு படிவம் போதும். எழுத்து வடிவில் ஒப்பந்தம் எதுவும் இல்லையே என்று அவர் அஞ்சினார். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்கு வாய்மொழியும் செல்லும். அவரிடம் பழைய நாட்காட்டி ஒன்று இருந்தது. வாடகை வந்த நாளிலெல்லாம் அதில் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டமில்லாத நான்கு மாதங்கள் தெளிவாகத் தெரிந்தன. எழுதப் படிக்க அறியாதவரின் பேரேடு அது. பேரேட்டுக்கு உரிய மதிப்பு அதற்கும் கிடைத்தது. எதிர்வாதி மறுக்கவில்லை. மாதம் 100 வெள்ளியாகச் செலுத்துவதென இருவரும் இசைந்து, 2019 சூலையில் அது நீதிமன்ற ஆணையாகப் பதிவாயிற்று.

வரவை எழுத அம்மையாருக்கு ஒரு பள்ளிக் குறிப்பேடு கொடுத்தேன். பணம் வரும்போதெல்லாம் அவருடைய பேத்தி அதில் எழுதினாள். ஆகஸ்டு முதல் 2020 பிப்ரவரி வரை ஏழு வரிகள். மார்ச்சு 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பட்டறை மூடிற்று. அவ்வாண்டு அரசு இயற்றிய கோவிட் சட்டம், மார்ச்சு 18 முதல் ஆகஸ்டு 31 வரைக்குரிய வாடகைப் பாக்கிக்கு ஜப்தி ஆணை கேட்கலாகாது என்றும் விதித்தது. நாடு முழுவதும் வாடகை கொடுக்க இயலாதவரும் வாடகையையே நம்பியிருந்தவரும் ஒருங்கே தவித்த காலம் அது.

எட்டாம் வரி 2021 டிசம்பரில் எழுதப்பட்டது. அவரே நேரில் வந்து கொடுத்தாராம். பையனும் உடன் வந்தானாம். ஒன்பதாம் வரி இன்னும் எழுதப்படவில்லை. நிற்பது 250 வெள்ளி. மறுபடியும் நீதிமன்றம் செல்லலாமா என்று அண்மையில் அவரைக் கேட்டேன். ஆணைக்குப் பன்னிரண்டாண்டு ஆயுள் உண்டு, 2031 வரை கேட்கலாம் என்றும் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அதுவரைக்கும் நான் இருக்கணுமே, ஐயா” என்று சிரித்துவிட்டு, குறிப்பேட்டை மீண்டும் சாமி மேடையின் கீழ் வைத்தார்.